லாரி ஏறினாலும் உடையாத கேக்

ஈப்போ நகரத்துச் சிலிபின் பாசாரில் பிரமிளா மீன் வாங்கப் போனால், மீன்காரர் ஜெயபாலன் விலை சொல்வதற்கு முன்னால் கைபேசியை எடுத்து நீட்டிவிடுவார்.

"அக்கா, ஒரே ஒரு தடவைலா. என் மருமவ பேரச் சொல்லி 'வேகல'ன்னு சொல்லுங்க. தைப்பிங்ல இருக்கா, அனுப்பி வைக்கணும்."

பிரமிளாவும் பையைக் கீழே வைத்துவிட்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "வே...கல!" என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பையில் கூடுதலாக ஒரு மீன் விழும்.

'கேக் களம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியின் நடுவராக அவள் உட்கார்ந்த பிறகு வந்த மரியாதை இது. மரியாதையோடு ஒரு கெடுதலும் வந்தது. அவளுக்கு யாரும் சாப்பிட எதுவும் கொடுப்பதில்லை. தீபாவளிக்கு ஒரு வீட்டு வாசலில் அவள் காலடி வைத்தால், உள்ளே பிஸ்கட் போத்தல்கள் மளமளவென்று அலமாரிக்குள் போகும் சத்தம் வெளியிலேயே கேட்கும். அவள் கைக்கு வருவது கடையில் வாங்கிய பெட்டிப் பானம் மட்டும்தான். கோயிலில் கேசரி விநியோகித்த அம்மாள் ஒருமுறை அவளைக் கண்டதும் வாளியை முந்தானையால் மூடிக்கொண்டு, "முடிஞ்சிருச்சும்மா" என்றாள். வாளியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

பிரமிளா பிறவியிலேயே வாய்நீளம் உள்ளவள் அல்ல. பாகான் செராயில் நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்து, சதாசிவத்தைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தவள். ஒரு சீனர் ரொட்டிக்கடையில் பன்களைப் பையில் போட்டு முடிச்சுப் போடும் வேலை கிடைத்தது. பன் கட்டும் மேசைக்கு எதிர்மேசையில்தான் கேக்குக்கு கிரீம் பூப் போடுவார்கள். கை பன்னைக் கட்டும், கண் பூவைப் பார்க்கும். கடையில் பூப் போடுகிறவர் பிள்ளைப்பேற்றுக்குப் போன நாளில், "நான் போடறேன்" என்று பிரமிளா துணிந்து சொன்னாள். கேட்டது அன்னப்பறவை. வந்தது வாத்து. பிறந்தநாள் குழந்தைக்கு வாத்தைத்தான் பிடித்தது. மறுவாரமே இன்னும் இரண்டு வீடுகளில் வாத்துக் கேட்டார்கள்.

பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். மடிப்புக் கலையாத பட்டுப்புடவை மாதிரி கேக், மல்லிகைச் சரம் மாதிரி கேக் என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். சதாசிவம் வேலையை விட்டுவிட்டு கேக் வண்டி ஓட்டலானார். ஒரு மேடு குறுக்கே வந்தால், பிரசவ வலியெடுத்தவளை ஏற்றிக்கொண்டு போகிறவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பார்.

இராமசாமி என்கிற பெரியவரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவள் செய்த வாழையிலைச் சாப்பாட்டுக் கேக்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இலை, சோறு, கூட்டு, அப்பளம் எல்லாமே சீனியும் மாவும்தான். பெரியவர் அதைச் சாப்பாடு என்றே நம்பி உட்கார்ந்து, நடுவில் குழி பறித்து, "ரசம் ஊத்து" என்றார். பரிமாற வந்தவனும் ஊற்றிவிட்டான். யாரோ அதைப் படம் எடுத்துப் போட, அது நாட்டையே சுற்றி வந்தது. அதைப் பார்த்துத்தான் கோலாலம்பூரிலிருந்து தயாரிப்பாளர் சுரேன் கூப்பிட்டான்.

முதல் பதிவில் பிரமிளா எல்லாருக்கும், "நல்லா இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றாள். சுரேன் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, நீங்க பேசறது கோயில்ல துன்னூறு கொடுக்கற மாதிரி இருக்கு. சேனல மாத்திருவாங்கக்கா. கொஞ்சம் காரம் வேணும்."

அன்று மாலை ஒருவன் கொண்டுவந்த ஆரஞ்சு கேக்கில் அவள் கரண்டியை விட்டாள். உள்ளேயிருந்து மாவு கூழாக வழிந்து மேசைக்கு ஓடியது. அவளையும் அறியாமல் தலை சாய்ந்தது, புருவம் ஏறியது. "வேகல" என்றாள். படப்பிடிப்புக் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் போகும் வழியில், வண்டியில் உட்கார்ந்தபடியே நாலைந்து வசனங்களை வாய்க்குள் போட்டுத் தீட்டி வைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகன் கோகிலன், தான் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னான். பெயர் லோஷினி. அவன் வேலை செய்யும் அலுவலகத்திலேயே வேலை. சுங்கை சிப்புட்டில் வீடு. அப்பா கனகராஜ், சொந்தமாக லாரிகள் வைத்திருக்கிறார்.

"அம்மா என்ன பண்றாங்க?" என்று பிரமிளா கேட்டாள்.

கோகிலன் சிரித்தான். "அவங்கள உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்மா. சர்ப்ரைஸ். நேர்ல பாத்துக்குங்க."

பெண் பார்க்கப் போன அன்று, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், முன்னால் ஒரு லாரி நின்ற மூலைவீட்டின் கதவு திறந்தது. திறந்தவளைப் பார்த்ததும் பிரமிளாவின் கையிலிருந்த பழத்தட்டு ஆடியது. நல்லவேளை, சதாசிவம் பழக்கதோஷத்தில் அடியில் கை கொடுத்துவிட்டார்.

துளசி. இரண்டு மாதத்துக்கு முன்னால் 'கேக் களம்' புதிய பருவத்தின் முதல் பதிவில் நின்றவள். அந்தப் பதிவு இன்னும் ஒளிபரப்பாகவில்லை. ஒளிபரப்பாகும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு முதல் ஆளாக வெளியேற்றப்பட்டவள் துளசிதான். அனுப்பியவள் பிரமிளா. சும்மாவும் அனுப்பவில்லை. துளசியின் பட்டர் கேக்கில் கத்தி இறங்காமல் வழுக்கியபோது, அதைத் தூக்கி மேசையில் டொக் டொக்கென்று தட்டிக்காட்டி, "இத வச்சு ரோட்டுல பள்ளத்த அடைக்கலாம். லாரி ஏறினாலும் உடையாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த வசனத்தைப் பற்றி வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வாங்க வாங்க சம்பந்தி!" என்று துளசியின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கனகராஜ் ஆறடி உயரம். சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். "எங்க வீட்டம்மாவோட கேக்க ஏற்கெனவே நீங்க சாப்பிட்டுட்டீங்க. அதுக்கப்புறந்தான் சம்பந்தம் பேச வாரீங்க. இந்த ராசி யாருக்கு வரும் சொல்லுங்க! எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டேன். சொல்லக்கூடாதாமே. துளசியும் வாயத் தொறக்க மாட்றா. 'நல்லாப் போச்சு, அடுத்ததுக்குக் கூப்பிடுவாங்க'ன்னு மட்டும் சொன்னா."

பிரமிளா துளசியைப் பார்த்தாள். துளசி கூரையைப் பார்த்தாள்.

கனகராஜ் மேலே சொல்லிக்கொண்டே போனார். முதல் பாகம் ஒளிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குத் தாமான் மண்டபத்தை எடுத்துவிட்டாராம். பெரிய திரை, புரொஜெக்டர், ஆட்டுக்கறி, அரிசிச் சேமியா மீகூன். தாமானில் ஒரு வீடு விடாமல் அழைப்பு. சம்பந்தி வீட்டாருக்கு முன்வரிசை. அதற்கடுத்த வாரம் நிச்சயதார்த்தம். "டிவியில வந்த கையோட நிச்சயம் வச்சாத்தான் கெத்தா இருக்கும்லா!"

காப்பி எடுக்க உதவுவதாகச் சொல்லி பிரமிளா அடுக்களைக்குள் நுழைந்தாள். துளசி கதவைச் சாத்தினாள்.

"சம்பந்திம்மா, நான் இவர்கிட்ட சொல்லல."

"அது தெரியுது. ஏன் சொல்லல?"

"அன்னைக்கி பஸ்ஸு விட்டு இறங்கறேன், மாலையோட நிக்கறாரு. கூட நாலு லாரி டிரைவருங்க. எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். அதுக்குள்ள மண்டபம் எடுத்துட்டாரு. இப்ப மாப்பிள்ளையோட அம்மா நீங்கதான்னு தெரிஞ்ச நாள்லருந்து எனக்குச் சோறு எறங்கல."

பிரமிளாவுக்கு முகம் சுட்டது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கல்லுதான சம்பந்திம்மா அது! பதட்டத்துல பேக்கிங் பவுடர் போடவே மறந்துட்டேன். நானே மிச்சத்தக் கடிச்சுப் பாத்தேன், பல்லு ஆடிப்போச்சு. நீங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா லாரின்னு ஏன் சொன்னீங்க? வேற வண்டியே கெடைக்கலயா?"

பிரமிளா கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். காப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

மறுநாளே பிரமிளா சுரேனைக் கூப்பிட்டு அந்த வசனத்தை வெட்டச் சொன்னாள். எதிர்முனையில் அவன் பதறினான். "அக்கா, அதத்தான் விளம்பரமாப் போட்டிருக்கோம். வியாழக்கெழமைலருந்து ஓடப்போவுது. யாருன்னு முகத்த மட்டும் மறைச்சிருக்கோம், சஸ்பென்ஸ்!"

வியாழக்கிழமை ஓடத் தொடங்கியது. பிரமிளாவின் கை கேக்கைத் தூக்கி டொக் டொக்கென்று தட்டும். அவள் குரல், "லாரி ஏறினாலும் உடையாது!" என்னும். எதிரில் நிற்பவரின் முகத்துக்குப் பதில் ஒரு பெரிய கேள்விக்குறி. வெள்ளிக்கிழமைக்குள் பேராக் மாநிலம் முழுக்க அதுதான் பேச்சு. சனிக்கிழமை காலையில் கனகராஜே கூப்பிட்டுவிட்டார்.

"சம்பந்தி! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. லாரி ஏறினாலும் உடையாதாம்! எங்க டிரைவருங்க எல்லாம் அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறானுங்க. யாரு சம்பந்தி அந்தப் பாவப்பட்ட ஜென்மம்? சொல்லாதீங்க, சொல்லாதீங்க. எந்தப் புருசன் அதத் தின்னுட்டு உசுரோட இருக்கானோ! நான் அத ரிங்டோனா வச்சிட்டேன்."

பிரமிளா கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சநேரத்தில் அதே கைபேசி அடித்தது. இம்முறை துளசி. கணவர் லாரியோடு கிளம்பிப் போன பிறகும் குசுகுசுவென்றே பேசினாள்.

"எனக்குக் காய்ச்சல்னு படுத்துறட்டா?"

"படுத்தா திரையத் தூக்கிட்டு வந்து கட்டிலுக்கு முன்னாடி வச்சுருவாரு."

"அப்ப மண்டபத்துல கரண்டு போனா?"

பிரமிளா யோசித்தாள். நாட்டுக்கே தெரிந்த நடுவர், இவ்வளவு வயதுக்குப் பிறகு, ஒரு மண்டபத்தின் பிளக்கைப் பிடுங்கத் திட்டம் போட வேண்டியிருந்தது. வேறு வழியும் தெரியவில்லை. அந்த வேலை சதாசிவத்துக்குப் போனது. பிளக்கின் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். பிரமிளா இருமினால் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான்.

"நான் இருவது வருசமா ஒண்ணையும் ஆட்டாம அசைக்காம கொண்டுபோயிப் பழகினவன்," என்றார் சதாசிவம் கவலையோடு. "என்னையப் போயி இழுத்துப் பிடுங்கச் சொல்றியே."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் துளசியின் படம் போட்ட பதாகை, 'எங்கள் தாமானின் கேக் நாயகி' என்றது. கனகராஜ் பட்டுச் சட்டையில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கோகிலனும் லோஷினியும் ஒன்றும் தெரியாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து மேசையில் துணி மூடிய ஒரு பெரிய தட்டு இருந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க துளசி காலையில் குலா மெலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டி போட்டுச் செய்த கேக். கணவர் கட்டாயப்படுத்திச் செய்யச் சொன்னாராம்.

நிகழ்ச்சி தொடங்கி முதல் விளம்பர இடைவேளை வந்தது. பிரமிளா கவலையை மறக்க மீகூனை ஒரு வாய் அள்ளிப் போட்டாள். அதில் ஒளிந்திருந்த பச்சைமிளகாய் நேராகத் தொண்டையில் ஏறியது.

இருமினாள்.

பின்னால் படாரென்று ஒரு சத்தம். துணிசோப்பு விளம்பரத்தின் நடுவில் திரை இருண்டது. சதாசிவம் கையில் பிளக்கோடு, முதல்தடவையாக ஒன்றைப் பிடுங்கிவிட்ட பெருமையோடு அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீரோடு "இப்ப இல்ல" என்று தலையாட்டியதைப் பார்த்ததும் அந்தப் பெருமை வடிந்தது.

"யாருலா கால் இடறினது?" என்று கனகராஜ் எழுந்து வந்தார். சம்பந்தி என்று கண்டதும் குரல் குழைந்தது. "அடிபட்டுச்சா சம்பந்தி? நீங்க முன்னாடி வந்து உக்காருங்க." பிளக்கை மறுபடி சொருகி, இளவட்டங்களை விட்டு அதன்மேல் சுற்றுச்சுற்றாக டேப்பை ஒட்ட வைத்தார். பத்துமலை என்ற கனத்த லாரி டிரைவர் ஒருவரைக் காவலுக்கும் உட்கார வைத்தார். இனி இடி விழுந்தாலும் அந்தப் பிளக் கழலாது.

திரையில் துளசி வந்தாள். மண்டபம் விசிலடித்தது. கனகராஜ் எழுந்து நின்று கைதட்டினார். துளசி கேக்கைக் கொண்டுபோய் வைத்தாள். பிரமிளா கத்தியை வைத்தாள். கத்தி வழுக்கியது. கைதட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது. திரையில் பிரமிளாவின் கை கேக்கைத் தூக்கி, டொக் டொக்.

"இத வச்சு ரோட்டுல பள்ளத்த அடைக்கலாம். லாரி ஏறினாலும் உடையாது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரமிளாவுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல ஒலித்தது. திரையில் ஆளுயரத்துக்கு ஏறியிருந்த அந்தப் புருவத்தைப் பார்க்க அவளுக்கே எரிச்சலாக இருந்தது. மண்டபத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில், மண்டபத்துக்கு வரும் வழி கேட்க யாரோ கூப்பிட்டார்கள் போலும், கனகராஜின் சட்டைப்பையிலிருந்து அவருடைய கைபேசி உரக்கச் சொன்னது:

"லாரி ஏறினாலும் உடையாது! லாரி ஏறினாலும் உடையாது!"

அவர் அதைத் தேடி எடுத்து அணைப்பதற்குள் அது நாலைந்து தடவை சொல்லிவிட்டது. யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாக வந்தது.

"நிறுத்துங்கடா அத," என்றார் கனகராஜ். பத்துமலை டேப்பைப் பிய்க்கப் பார்த்து, முடியாமல் புரொஜெக்டரின் முன்னால் போய் நின்றுகொண்டார். திரை முழுக்க அவர் முதுகு தெரிந்தது.

கனகராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "மூணு நாளா நான் சிரிச்சேனே துளசி. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

துளசி மெல்லச் சொன்னாள். "சொல்லலாம்னு வாயத் தொறப்பேன். நீங்க அதுக்குள்ள சிரிச்சிருவீங்க."

அவருக்கு அதற்குமேல் மனைவியைப் பார்க்க முடியவில்லை. கோபத்தை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டும். ஓரத்து மேசைக்குப் போனார், துணியை உருவினார், குலா மெலாக்கா கேக்கில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து பிரமிளாவின் முன்னால் நீட்டினார்.

"சம்பந்தி, டிவியில சொன்னத நான் கேக்கல. அது உங்க வேல. இது இன்னைக்கி எங்க வீட்டுல செஞ்சது. இத்தன பேருக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. உள்ளதச் சொல்லுங்க."

பிரமிளா மகனைப் பார்த்தாள். கோகிலனின் கையை லோஷினி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் கேக்கில் ஒரு கல்யாணமே உட்கார்ந்திருந்தது. நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பொய்யாக இருந்தாலும் என்ன?

வாயில் போட்டாள். தேங்காய்ப்பாலும் குலா மெலாக்காவும் நாக்கில் இறங்கின. மேல்பாகம் பூப்போல இருந்தது. அடடா என்று மனசு சொல்லும்போதே நடுப்பாகம் வந்தது. பிசுபிசுவென்று பல்லில் ஒட்டியது.

தலையைச் சாய்க்கவில்லை. புருவத்தையும் தூக்கவில்லை. துளசியைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மேல ரொம்ப நல்லா இருக்கு துளசி. வாசன, இனிப்பு எல்லாம் சரியா இருக்கு. என் கடையில இந்த மாதிரி குலா மெலாக்கா எனக்கு வரல. ஆனா நடுவுல... வேகல."

லோஷினி கண்ணை மூடிக்கொண்டாள்.

துளசி எழுந்து வந்தாள். அதே தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றாள். "ஆமா. வேகல," என்றாள். பிறகு, இத்தனை நாள் அடக்கி வைத்த எல்லாம் சேர்ந்து வருவதுபோல் குரல் ஏறியது. "எப்படி வேகும்? அடுப்புக் கதவு மூடினாத்தானே வேகும்! கீல் உடைஞ்சு எத்தன வருசமாச்சு? மாத்தித் தாங்க, மாத்தித் தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். லாரில சாமான் கட்டுற டியூப் ரப்பரக் கொண்டாந்து இழுத்துக் கட்டிட்டுப் போயிட்டாரு! நடுவுல ரப்பர் தளந்து கதவு தொறந்துக்கும். நான் நாற்காலிய முட்டுக் கொடுத்து, நாற்காலி மேல நான் உக்காந்து கேக்கு சுடறேன் சம்பந்திம்மா!"

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. "லாரிக்கு மட்டும் புது டயரா மாட்டத் தெரியுது," என்று ஒரு குரல். "எங்க வீட்டுலயும் இதே கதைதான். வாஷிங் மெஷினுக்குக் கல்லு முட்டுக் கொடுத்திருக்கு," என்று இன்னொன்று. இருளாயி என்ற வயசான அம்மாள் கைத்தடியைத் தரையில் தட்டி, "ஏன்டா கனகராஜு, அடுப்ப ரப்பர் போட்டாடா கட்டுவ?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"அந்த ரப்பர் நல்லா புடிக்கும்க்கா. லாரில ஒரு தடவகூட அறுந்ததில்ல..." என்று கனகராஜ் ஆரம்பித்தார். ஆண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. வெளியே நடந்தார். கொஞ்சநேரத்தில் லாரி உறுமும் சத்தம் கேட்டது.

சிரிப்பு நின்றது. கிளம்பிப் போகப் போகிறார் என்று எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். லாரி கிளம்பவில்லை, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. யார் போய்ப் பேசுவது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். துளசி ஒரு அடி எடுத்து வைத்தாள், பிறகு நின்றுகொண்டாள். கடைசியில் யாரும் எதிர்பாராமல் சதாசிவம் எழுந்தார். கசங்கிய வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், லாரியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

உள்ளே பிரமிளாவும் துளசியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மீகூன் ஆறிக்கொண்டிருந்தது. துளசி ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து, மிளகாயைப் பொறுக்கிப் போட்டுவிட்டு பிரமிளாவிடம் கொடுத்தாள். பிரமிளா வாங்கிச் சாப்பிட்டாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா?" என்றாள் துளசி.

"கொஞ்சம்."

"இது நான் செய்யல. அவரு தங்கச்சி செஞ்சது," என்ற துளசியின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்துபோனது.

லாரி உறுமல் நின்றது. சம்பந்திகள் இருவரும் உள்ளே வந்தார்கள். கனகராஜ் நேராக மனைவியிடம் வந்து நின்றார். எல்லாரும் காது கொடுப்பது தெரிந்து தொண்டையைச் செருமினார். "நான் சிரிச்சது தப்பு," என்றார். பிரமிளா பக்கம் திரும்பினார். "சம்பந்தி, எந்த அடுப்பு நல்ல அடுப்பு? பெருசாச் சொல்லுங்க. கேஸா, கரண்டா?"

"கரண்டு," என்றாள் பிரமிளா. "கதவு கண்ணாடியா இருக்கணும்."

"நாளைக்கே ஈப்போ போலாம். ஏத்திட்டு வர நம்ம லாரி இருக்கு."

மண்டபம் கைதட்டியது. பத்துமலை புரொஜெக்டரின் முன்னாலிருந்து விலகினார். திரையில் அப்போது வேறு யாரோ ஒருவரின் கேக் சரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் மனம்விட்டுச் சிரித்தார்கள்.

வீடு திரும்பும்போது பிரமிளா கணவரைக் கேட்டாள். "லாரில உக்காந்து அவருக்கு என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னேன். ஆமான்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தோம்."

நிச்சயதார்த்தம் சொன்ன நாளில் நடந்தது. சுரேன் மட்டும் விடாமல் கூப்பிட்டு, மண்டபத்தில் நடந்ததை அப்படியே திரும்ப நடித்துக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சினான். முடியாது என்றாள் பிரமிளா. அடுத்த பருவத்துக்கும் அவளே நடுவர் என்று முடிவானது. வண்டியில் உட்கார்ந்து வசனம் தீட்டுகிற வழக்கத்தை மட்டும் அவள் விட்டுவிட்டாள். வாயில் தானாக வந்தால் வரட்டும் என்றிருந்தாள். வந்தது, சில சமயம் முன்னைவிடக் காரமாகவே வந்தது. ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும், திட்டு வாங்கியவரைத் தேடிப் போய் எங்கே தப்பு என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். அது திரையில் வராது.

புது அடுப்பு வந்த பிறகு துளசியும் அவளும் கல்யாணக் கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆள் உயரத்துக்கு மயில் வேண்டும் என்றாள் துளசி. மயில் எல்லாரும் செய்கிறார்கள், சீனியில் கோயில் தேர் செய்யலாம் என்றாள் பிரமிளா. தேருக்குச் சக்கரம் சுழல வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல்கூடப் போனது. கடைசியில் தேரின்மேல் மயில் என்று உடன்பாடு கண்டு, படம் வரைந்து, பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினார்கள்.

கோகிலனும் லோஷினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா," என்றான் கோகிலன் மெதுவாக, "கல்யாணத்துக்குக் கேக்கே வேணாம்மா."

"என்னது?"

"நீங்க கேக்கு ஓரத்த வெட்டி வெட்டி, தெனமும் ஸ்கூலுக்கு அதத்தானேம்மா டப்பால போட்டுக் கொடுப்பீங்க? ஆறு வருசம். கேக்கக் கண்டாலே எனக்கு ஸ்கூல் மணியடிக்கிற சத்தம் கேக்குது."

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு கிரீம் வாசனையே ஆகாது அத்தை. சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்... நாங்க ஜில்லுன்னு தேங்காப்பால் ஐஸ் போட்டுக் கொடுக்கற செண்டோல் வண்டி சொல்லியிருக்கோம். மண்டபத்துக்கே வந்து போட்டுக் கொடுப்பாங்க. சன்னாசி அண்ணன் கடை, பஸ் ஸ்டேசன் பக்கத்துல."

தேரும் மயிலும் மேசைமேல் கிடந்தன. இரண்டு தாய்மாரும் அந்தப் படத்தையே பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தவள் துளசி.

"அந்த சன்னாசி போடுற செண்டோல நீங்க சாப்பிட்டிருக்கீங்களா சம்பந்திம்மா?"

"இல்ல."

"அதுல போடற பச்சக் கலர் மாவுத் துண்டு கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுக்கும்னு சொல்றாங்க."

பிரமிளா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கெளம்புங்க. போயிப் பாத்துட்டு வந்துருவோம்."